பன்னிரண்டு காம்பராவும் ஒரு பாஸ்வேர்டும்

மறதி மனுஷனுக்கு வரலாம், தப்பில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக் கணேசு மாமா மூக்குக் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டே அதைத் தேடுவார். அதற்காக அவரை யாரும் வையமாட்டோம். ஆனால் ஒரு கொம்பியூட்டருக்கு மறதி வரலாமா? அதுவும், "உங்கள் விவரங்களை நினைவில் வைத்துக்கொள்ளவா?" என்று அதுவாகவே வாயைத் திறந்து கேட்டு, நானும் "வச்சுக்க சாமி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று அந்தச் சின்னப் பெட்டிக்குள் சரி போட்ட பிறகு? ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை கேட்கும். பதினைந்து தடவையும் சரி போடுவேன். பதினாறாவது தடவை, என்னை ஜென்மத்தில் பார்த்தே இராதது போல மறுபடியும் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும்.

அந்தப் பெட்டியால் என் மானம் போனது என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உண்மையைச் சொன்னால் பாதிதான் பெட்டியால் போனது. மீதிப் பாதி என் வாயால் போனது.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே. நான் கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். கப்பலில் ஏறும் பெட்டிகளுக்கான பத்திரங்களைச் சரிபார்த்துப் பதிகிற வேலை. முதல் ஆறு மாதம் தற்காலிகம். அது முடிந்து உறுதிப்படுத்தும் கடிதம் வந்தால்தான் நிரந்தரம். வராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கம்பெனி பாதி மாடியைக் காலி செய்துவிட்டு, "இனிமேல் வீட்டிலிருந்தே செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டது. கையில் ஒரு பழைய லெப்டொப்பைக் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் அதை வைத்திருந்த மகராசன் என்ன வேகத்தில் தட்டினானோ, பாதி விசைகளில் எழுத்தே இல்லை.

வட்டகொடையில் உட்கார்ந்துகொண்டு கொழும்பு ஒபிஸில் இருக்கும் கொம்பியூட்டருக்குள் புகுந்து வேலை செய்யவேண்டும். ரிமோட் டெஸ்க்டொப் என்பார்கள். இதை அம்மாவுக்கு விளங்கவைக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

"நீ இங்க தட்டுனா அங்க எழுத்து விழுமா?"

"ஆமாம்மா."

"அங்க யாரும் பக்கத்துல இருக்க மாட்டாங்களா?"

"இருக்க மாட்டாங்கம்மா."

"ஆளில்லாத வீட்டுல தானா எழுத்து விழுந்தா, கூட்டிப் பெருக்க வர்ற பொம்பள பயந்துற மாட்டாளா?" (அந்தப் பெண்ணைப் பற்றிய கவலை அம்மாவுக்கு இன்றுவரை உண்டு.)

விளங்கியதோ இல்லையோ, பெருமை மட்டும் கூடை கூடையாக இருந்தது. அம்மா கொழுந்து எடுக்கிறவர். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கொழும்பு வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிற முதல் ஆள் நான்தான். ஒருநாள் மலையில், தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா, "என்னா, மகளையும் தோட்டத்துல பேர் பதிஞ்சிடலாமா? ஆள் பத்தாம இருக்கு" என்று கேட்டிருக்கிறார். அம்மா அத்தனை பேருக்கும் முன்னால் கூடையை இறக்காமலே சொன்னாராம், "எம்மவ பேரு கொழும்புல பதிஞ்சாச்சுங்கய்யா." பதியவே இல்லை. அந்தக் கடிதம் வந்தால்தான் பதியும். வராவிட்டால் நான் எப்படியோ போகிறேன், அம்மா அந்த மலையில் எந்த முகத்தோடு நிற்பார்? இந்த ஒரு நினைப்போடுதான் ஆறு மாதமும் லெப்டொப்பைத் திறந்தேன்.

இனி பாஸ்வேர்ட். கம்பெனியே கொடுத்தது, நாமாக மாற்ற முடியாது. பன்னிரண்டு எழுத்து. யாரோ கண்ணை மூடிக்கொண்டு விசைப்பலகையில் விழுந்து எழுந்து உண்டாக்கியது. ஐந்து தடவை பிழையாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டால் கொழும்பு ஹெல்ப் டெஸ்க்கைக் கூப்பிட்டு, அரை மணித்தியாலம் பாட்டுக் கேட்டுவிட்டு, கெஞ்சித் திறக்கவேண்டும். எழுதி வைக்கவும் கூடாது என்று சட்டம். நான் சட்டத்துக்கு அடங்கிய பிள்ளை. அதனால் மனப்பாடம் செய்தேன்.

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை ஊர் கேட்கக் கத்திச் சொன்னால்தான் மனப்பாடம் என்று அர்த்தம். வாயை மூடிக்கொண்டு எதையும் நினைவில் வைக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதோடு, திரையில் எழுத்துக்குப் பதிலாகப் புள்ளிதான் விழும். விசையிலும் எழுத்துக் கிடையாது. எங்கே நிற்கிறோம் என்று தெரிய வாயால் சொல்லிக்கொண்டே போவது ஒன்றுதான் வழி. குறிகளுக்குப் பெயர் தெரியாத காலம் அது. அம்மா எட்டிப் பார்த்து, "இது நத்த மாதிரி இருக்கு, இது கம்புல பாம்பு சுத்துன மாதிரி இருக்கு, இது வேலி" என்று வைத்த பெயரே நிலைத்துவிட்டது. ஆகவே ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை, நல்ல உரத்த குரலில், எங்கள் வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் இந்தப் பாராயணம் நடக்கும்:

"பெரிய கே, சின்ன டி, ஏழு, நத்தை, சின்ன ஆர், ரெண்டு, பெரிய எம், பாம்புக்கம்பு, ஒம்போது, சின்ன எக்ஸ், சின்ன எக்ஸ், வேலி!"

ஏன் பதினைந்து தடவை? எங்கள் பக்கம் மேகம் இறங்கினால் போன் கவரேஜ் போகும். மேகம் போனால் கவரேஜ் வரும். ரயில் போனாலும் போகும். எதுவுமே போகாவிட்டாலும் சும்மா ஒருதரம் போய்விட்டு வரும். அறுந்தால் திரும்பப் பெயர், திரும்பப் பாஸ்வேர்ட், திரும்ப அந்தப் பெட்டி, "நினைவில் வைத்துக்கொள்ளவா?"

இதைச் சேமிக்க வைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! அட்டனில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் என் பெரியம்மா மகனிடம் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அவன் உள்ளே எங்கெங்கோ போய், பழையதை அழித்து, புதியதை எழுதி, "இனி சாகிற வரைக்கும் மறக்காது" என்று கையடித்துக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து திறந்தேன். மறந்திருந்தது. அடுத்த வாரம் அவனே போனில், "இணைப்பைத் தனிக் கோப்பா சேமிச்சு வெளிய வை" என்றான். வைத்தேன். வேலை செய்யவில்லை. இன்னொன்று வைத்தேன். கடைசியில் என் திரையில் பதினான்கு கோப்புகள் வரிசையில் நின்றன. ஒபிஸ், ஒபிஸ் புதுசு, ஒபிஸ் சரியானது, ஒபிஸ் இதுதான் சரி, ஒபிஸ் தயவுசெய்து. பதினான்கில் ஒன்றுகூட என்னை நினைவில் வைத்திருக்கவில்லை.

ஹெல்ப் டெஸ்க்கில் நுவன் என்றொரு தம்பி. தங்கமான பிள்ளை, கோபமே வராது. எதற்கும் ஒரே மருந்துதான் வைத்திருந்தான். "மிஸ், ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க." ஐந்து மாதத்தில் அதைவிட நீளமாக அவன் எதையும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இந்தக் கூத்துக்கு நடுவே எங்கள் லயத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே கிடக்கிறவளுக்கு அது கண்ணில் படுமா? பன்னிரண்டு காம்பரா, ஒரே நீளக் கட்டடம், மேலே ஒரே தகரக் கூரை. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் சுவர் உண்டு. ஆனால் அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய், போதும் என்று நின்றுவிடும். அதற்கு மேலே பன்னிரண்டு வீட்டுக்கும் பொதுவான காற்று. முதல் காம்பராவில் தும்மினால் பன்னிரண்டாம் காம்பராவில் "நூறாயுசு" என்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் உட்கார்ந்துதான் நான் ரகசிய எழுத்தைக் கத்திச் சொன்னேன். பகலில் எல்லாரும் மலைக்குப் போய்விடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகும் முன்னும், வேலை முடிந்து வந்த பின்னும் நான் திறந்துகொண்டுதானே இருந்தேன்? ஞாயிற்றுக்கிழமையும் திறந்தேனே?

பக்கத்துக் காம்பராச் செல்லம்மா அத்தை பாத்திரம் கழுவும்போது எதையோ முணுமுணுப்பார். தாளம் நன்றாக இருக்கும். ஏதோ பஜனை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் மூளை இருந்திருந்தால், எந்தப் பஜனையில் "பாம்புக்கம்பு" வருகிறது என்று கேட்டிருக்கமாட்டேனா?

லயத்து ஆட்களை நான் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். எனக்கு மீட்டிங் என்றால் அம்மா இஸ்தோப்பில் நின்று கையை உயர்த்துவார். அவ்வளவுதான், ரேடியோ நிற்கும், சண்டை நிற்கும், அம்மியில் அரைத்துக்கொண்டிருக்கிறவர் பாதித் தேங்காயோடு அப்படியே இருப்பார். என் கடிதத்துக்காக அவர்களும் சேர்ந்துதான் காத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறாம் மாதம் பிறந்தது. ஒரு செய்தி வந்தது. எங்கள் கம்பெனிக்கு வேலை கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள் ஓர் ஆடிட்டரை நியமித்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்று ஒவ்வொருவரிடமும் போனில் பேசிப் பார்ப்பார். தற்காலிக ஆட்களை உறுதிப்படுத்துவது அதற்குப் பிறகுதான். எனக்குக் கிடைத்த நேரம் திங்கட்கிழமை காலை பத்தரை.

அந்தச் சனி, ஞாயிறு எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. தேர் சுற்றி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ஊரே ஆடி ஓய்ந்துவிட்டது. திங்கட்கிழமை தோட்டத்துக்கு லீவு. இதை நான் மறந்தே போனேன். (கொம்பியூட்டரைச் சொல்ல வந்துவிட்டேன் பெரிசாக.) காலையில் லயம் கப்சிப் என்று இருந்தது. எல்லாரும் வழக்கம்போல மலைக்குப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் உள்ளேதான், அலுப்பில் பாயில் கிடந்தார்கள். அம்மா வாசலில் நின்றதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. எனக்காக லீவு போட்டிருக்கிறார் என்று எண்ணி மனம் வேறு உருகினேன்.

லெப்டொப்புக்குத் திராணி கிடையாது என்பதால் பேச்செல்லாம் போனில். போனைத் தேயிலை டப்பாவில் சாய்த்து வைத்தேன். திரையில் மூன்று பேர். எங்கள் தலைவி தில்ஹானி மெடம், நுவன், முகத்தைக் காட்டாமல் வெறும் 'ஆர்' என்ற எழுத்தோடு ஆடிட்டர் சேர். ஆடிட்டர் சேர் இங்கிலீஷில்தான் பேசினார். வார்த்தையை அளந்து அளந்து விடுகிற ஆள்.

"நீங்கள் வேலை செய்யும் இடத்தில் வேறு யாராவது இருப்பார்களா?"

"நோ சேர்."

"தனி அறையா?"

"எஸ் சேர். வெரி பிரைவேட்." (இந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. எங்கள் சுவரில் முட்டினால் பக்கத்து வீட்டில் யாரென்று கேட்பார்கள்.)

"உங்கள் பாஸ்வேர்ட் உங்களைத் தவிர யாருக்காவது தெரியுமா?"

"நோபடி சேர். என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

"நல்லது. இப்போது வெளியேறிவிட்டு, எங்கள் முன்னாலேயே உள்ளே போய்க் காட்டுங்கள்."

பதினைந்து தடவை தினமும் செய்கிற காரியம். ஆனால் ஒருவர் பார்க்கிறார் என்றால் விரலுக்குக் கொம்பு முளைத்துவிடுகிறதே! முதல் தடவை பிழை. இரண்டாம் தடவையும் பிழை. "அவசரமில்லை" என்றார் சேர். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு இன்னும் பதறியது. கடிதம் போச்சு, அம்மா மலையில் நிற்கிறார், கண்டாக்கையா பார்த்துச் சிரிக்கிறார் என்று என்னென்னவோ கண்முன் ஓடியது. மூன்றாம் தடவையும் பிழை. இன்னும் இரண்டுதான் பாக்கி. கண்ணை மூடிக்கொண்டேன். பயம் வந்தால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். திறந்துகொண்டது.

"பெரிய கே... சின்ன டி... ஏழு... சின்ன ஆர்..."

"நத்தை" என்றது ஒரு குரல், மெதுவாக.

என் மனசாட்சிதான் பேசுகிறது என்று நினைத்தேன். மனசாட்சிக்கு வெற்றிலை போட்ட குரல் எப்படி வந்தது என்று யோசிக்க நேரமில்லை. அழித்துவிட்டு நத்தையைப் போட்டேன். "சின்ன ஆர்... ரெண்டு... பெரிய எம்... ஒம்போது..."

"பாம்புக்கம்பு எங்கடா போச்சு?" இது வலது பக்கச் சுவருக்கு மேலேயிருந்து வந்தது, கணேசு மாமாவின் குரல். "பாப்பா, பதறாத. அழிச்சிட்டு மொதல்லருந்து போடு."

"ஸ்ஸ்! அவ மீட்டிங்ல இருக்காய்யா!" என்றார் இடது பக்கத்திலிருந்து செல்லம்மா அத்தை.

"மீட்டிங்ல இருக்கறதுனாலதானே சொல்றேன்! இல்லாட்டி எனக்கென்னா?"

நாலாம் காம்பராவிலிருந்து ஒரு பெண் குரல், "ஒம்போதுக்கு அப்புறம் ஒரு எக்ஸுதானே?"

"ரெண்டு."

"ஒண்ணுதான். நான் தெனம் கேக்கறேன்."

"நீ காது குத்துன நாளுல இருந்தே உனக்குக் காது கேக்காது!"

தகரக் கூரைக்குக் கீழே சபை கூடிவிட்டது. பாயில் கிடந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து, எக்ஸ் ஒன்றா இரண்டா என்று பிரிந்து நின்று வாதாடுகிறார்கள். போனின் வாயைப் பொத்த வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. அப்போதுதான் வாசலில் காவலுக்கு நின்ற என் அம்மா, பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மலையில் ஆள் கூப்பிடுகிற அந்தக் குரலில் ஒரு போடு போட்டார்.

"எல்லாரும் வாய மூடுங்க! எம்மவ பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதா? ரெண்டு சின்ன எக்ஸு, கடைசில வேலி! அம்புட்டுத்தான்!"

லயம் அமைதியானது. எனக்கு மட்டும் காதுக்குள் தப்பு மேளம் அடித்தது.

அந்த அமைதியில், ஆடிட்டர் சேர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுத்தமான தமிழில் கேட்டார். "வேலின்னா, குறுக்கயும் நெடுக்கயும் ரெண்டு ரெண்டு கோடு போட்டிருக்குமே, அதுங்களாம்மா?"

"ஆமாங்க சார், அதேதான்!" என்று அம்மா வாசலிலிருந்து ஓடி வந்தார். சந்தேகம் தீர்த்துவைத்த சந்தோஷம் அவர் முகத்தில்.

"நத்தைன்னா ஈமெயில்ல நடுவுல வருமே, அதுங்களா?"

"ஈமெயில் எனக்குத் தெரியாதுங்க. ஆனா சுருண்டு படுத்திருக்கும்."

அந்தப் பக்கம் விசை தட்டுகிற சத்தம் கேட்டது. பாவி மனுஷன் குறித்துக்கொள்கிறார்! சுவருக்கு மேலே செல்லம்மா அத்தையின் குரல் மறுபடி வந்தது. "சார் பேசறது நம்ம பேச்சு மாதிரியே இருக்கே. எந்த ஊருங்க?"

"திருச்சிப் பக்கங்க. லால்குடி."

"எங்க பாட்டன் கூட திருச்சிப் பக்கந்தாங்க!" என்று மூன்று காம்பராவிலிருந்து ஒரே சமயத்தில் பதில் வந்தது. அதற்குப் பிறகு, என் தலையெழுத்தைத் தீர்மானிக்க வேண்டிய அந்த மீட்டிங்கில், யாருடைய பாட்டன் எந்த ஊரிலிருந்து எந்த வழியாக இந்தத் தேயிலை மலைக்கு நடந்து வந்தார் என்பது ஐந்து நிமிஷம் ஆராயப்பட்டது. பாவம் தில்ஹானி மெடம், ஒரு சொல்லும் விளங்காமல், சிங்களத்தில் "சுகந்தி, மொகத மே? மொகத மே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன இது என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு மாதத்து அழுகை. ஆடிட்டர் சேர் குரலைத் தாழ்த்தி, "சொல்லுங்கம்மா, எப்படி இவங்களுக்கெல்லாம் தெரியும்?" என்றார். மறைக்க இனி என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். சுவர் கூரை வரைக்கும் இல்லாததைச் சொன்னேன். மேகத்தைச் சொன்னேன். பதினைந்து தடவையைச் சொன்னேன். பதினான்கு கோப்பையும் பெயர் பெயராகச் சொன்னேன். "ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டிக்குள்ள சரி போடுறேன் சேர். அது ஒரு தடவை நினைவு வச்சிருந்தா நான் ஏன் சேர் கத்தப் போறேன்?"

சேர் நுவனை இங்கிலீஷில் கேட்டார், ஏன் சேமிக்க மாட்டேன் என்கிறது என்று. நுவன் சாதாரணமாகச் சொன்னான். அது சேமிக்காது. பாதுகாப்புக்காக நாங்கள்தான் அதைத் தடுத்து வைத்திருக்கிறோம்.

"எப்போதிருந்து?"

"ஆரம்பத்திலிருந்தே சேர்."

"அப்படியென்றால் அந்தப் பெட்டி எதற்கு?"

"அது சும்மா வரும் சேர்."

சும்மா வருமாம்! எனக்கு அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. கம்பெனி, மெடம், ஆடிட்டர், கடிதம் ஒன்றும் கண்ணில் படவில்லை. "அடேய் நுவன்!" என்று தமிழில் ஒரு கத்துக் கத்தினேன். "அஞ்சு மாசமா ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொன்னியேடா! இத மொத நாளே சொல்றதுக்கு உன் வாயில என்னா கொழுக்கட்டையா இருந்துச்சு?"

சுவருக்கு மேலே யாரோ, "அப்படிக் கேளு பாப்பா!" என்றார்கள். மெடம் தொடர்பைத் துண்டித்தார்.

பத்து நிமிஷத்தில் என் பாஸ்வேர்ட் மாற்றப்பட்டது. ஆடிட்டரின் அறிக்கை வந்த பிறகுதான் என் விஷயம் முடிவாகும் என்று மெடம் ஒரே வரியில் எழுதியிருந்தார். இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் லயத்தில் சாவு விழுந்த மாதிரி இருந்தது. செல்லம்மா அத்தை தேங்காய் ரொட்டி சுட்டுக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றார். "நாங்கதானே உன் வேலயக் கெடுத்தோம்" என்று முந்தானையைக் கண்ணில் ஒற்றினார். "கெடுத்தது நான்தான் அத்தை, நீங்க திருத்தத்தானே பாத்தீங்க" என்றேன். சொல்லும்போதே எனக்கும் அவரோடு சேர்ந்து அழுகை வந்தது. நத்தையை நான் விட்டபோது எடுத்துக் கொடுக்க வேறு யார் இருந்தார்கள் எனக்கு?

புதிய பாஸ்வேர்டை வாயை மூடிக்கொண்டு தட்டிப் பழகவேண்டும். அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு தட்டுவது. முதல் நாள் ஏழு தடவை விழுங்கினேன், இரண்டு தடவை லெப்டொப்பில் துப்பினேன். லயத்து ஆட்கள் தங்கள் பக்கத்துக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். நான் "போடப் போறேன்" என்றால் அத்தனை பேரும் வெளியே போய் மலையைப் பார்த்துத் திரும்பி நிற்பது. கவரேஜ் அறுந்த போதெல்லாம் மழைத் தூறலில் போய் நின்றார்கள். "வேணாம் மாமா, உள்ள வாங்க, நான் சத்தமில்லாமத்தான் போடுறேன்" என்றாலும் கணேசு மாமா கேட்கமாட்டார். "எங்க காத நாங்களே நம்பறதில்ல பாப்பா" என்பார்.

இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து எல்லாரும் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் மெயில் வந்தது. மெடத்திடமிருந்து. உள்ளே ஒரே ஒரு கோப்பு. அதுவும் பூட்டிய கோப்பு. திறக்க என் அடையாள அட்டை எண்ணைப் போடவேண்டும். செய்தி எப்படியோ லயத்தின் அந்தக் கோடிவரை போய்விட்டது. கூடையோடு, தலைத்துண்டோடு, பன்னிரண்டு வீட்டு ஆட்களும் இஸ்தோப்புக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்கள்.

"பாஸ்வேர்டு கேக்குது" என்றேன்.

அத்தனை பேரும் ஒன்றாக மலைப் பக்கம் திரும்பினார்கள். சிலர் காதையும் பொத்திக்கொண்டார்கள். அம்மாதான் முதலில் திரும்பினார். அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டே எண்ணைத் தட்டினேன். திறந்தது. ஆடிட்டர் அறிக்கையில் பாதிப் பிழையை என் வாயிலும் பாதிப் பிழையை அந்தப் பெட்டியிலும் போட்டிருந்தாராம். வீட்டில் வேலை செய்யும் எல்லாருக்கும் விரலை வைத்துத் திறக்கிற கருவி கொடுக்கச் சொல்லியிருந்தாராம். அதெல்லாம் கீழே இருந்தது. மேலே முதல் வரியில், உறுதிப்படுத்துவதில் மகிழ்ச்சியடைகிறோம் என்று இருந்தது. அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன்.

அம்மா திரும்பாமலே கேட்டார். "என்னா பாப்பா, இப்பத் திரும்பலாமா?"

"திரும்புங்கம்மா" என்றேன். "பேர் பதிஞ்சிருச்சு."

அன்றைக்குப் போட்ட கூச்சல் வட்டகொடை ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். விரல் கருவி வந்து, பாஸ்வேர்டே தேவையில்லாமல் போயும் வருஷக்கணக்கு ஆகிவிட்டது. ஆனால் லயத்துச் சட்டத்தை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. போன வருஷம் எனக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் மறுவீட்டுக்கு வந்திருந்தபோது, கல்யாண வீடியோவைக் காட்டலாம் என்று லெப்டொப்பைத் திறந்தேன். இஸ்தோப்பில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் பட்டென்று எழுந்து மலையைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். என் மாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ சாமி காரியம் என்று நினைத்து எழுந்து நின்றார். அம்மா பக்கத்தில் போய், அவர் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பிவிட்டார்.

"தப்பா நெனச்சிராதீங்க சம்பந்தி. எம்மவ தெறக்கும்போது இந்த ஊருல யாரும் பாக்கறதில்ல."

மாமியாருக்கு அந்த மரியாதை ரொம்பப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. அதை அப்படியே அவர் வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டார். இப்போதெல்லாம் நான் டீவி ரிமோட்டைக் கையில் எடுத்தால்கூட, என் புருஷன் தானாகவே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான்.